ரங்கூனில் போட்ட குண்டு

எங்கள் வகுப்பிலேயே நன்றாகக் கன்னடம் பேசும் தமிழ்ப் பெண் நான்தான். இதை வேறு யாரும் சொல்லவில்லை. நானே முடிவு செய்து எங்கள் பேட்டையான ஜீவனஹள்ளி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஆகவே நான்காம் வகுப்பில் கன்னட டீச்சர், யுத்த காலத்தைப் பார்த்த பெரியவர்களை அழைத்து வாருங்கள், அவர்கள் தங்கள் பாஷையில் பேசட்டும், நீங்கள் கன்னடத்தில் எடுத்துச் சொல்லுங்கள் என்றபோது, மற்றவர்கள் வீட்டில் ஆள் இருக்கிறதா என்று யோசிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

ஆள் இருந்தார். அப்பாவின் சித்தப்பா, எனக்குச் சின்ன தாத்தா, ஹெப்பகோடியில் மகன் வீட்டில் இருந்தார். அவருக்குப் பத்து வயதாகும்போது ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட, குடும்பமே காட்டு வழியாக நடந்து இந்தியாவுக்கு வந்தது. கிளம்பியவர்கள் ஐந்து பேர், வந்து சேர்ந்தவர்கள் நாலு பேர். வழியில் போனது அவருடைய தங்கை. எப்படிப் போனாள் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. கூட நடந்த மற்றவர்களும் வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் பெயர்கூட எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அப்படிப்பட்டவர் பள்ளிக்கூடத்துக்கு வர ஒப்புக்கொண்டதில் அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். தங்கையைப் பற்றியும் சொல்லப்போகிறீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சொல்லத்தான் போறேன்" என்றார் சின்ன தாத்தா. "பெரியவங்ககிட்ட சொன்னா உடனே அழுவாங்க. அப்புறம் நான்தான் உக்காந்து தேத்தணும். பசங்கன்னா சும்மா கேட்டுக்குவாங்க."

அன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். கரும்பலகைக்கு முன்னால் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் நான் விறைப்பாக நின்றுகொண்டேன். ரங்கூனில் தெருவோரம் பள்ளம் வெட்டி வைத்திருந்ததையும், சங்கு ஊதினால் பல்லுக்கு நடுவே துணியைக் கடித்துக்கொண்டு அதில் குதித்ததையும் சொன்னார். நான் கன்னடத்தில் வெளுத்து வாங்கினேன். வகுப்பு மூச்சுவிடாமல் கேட்டது. பிறகு அவர், ஜப்பான்காரன் பட்டப்பகலில் ஏரோப்ளேனில் வந்து குண்டு போட்டான் என்றார். நானும் யோசிக்காமல், "குண்டு ஹாகித" என்றேன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எங்கள் ஊர்க் கன்னடத்தில் குண்டு போடுவது என்றால் சாராயம் குடிப்பது. நல்ல கன்னடம் பேசும் எனக்குத்தான் அது தெரியாது. அவர் கையை வீசிக் காட்டியதற்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்து, குண்டு போட்டதும் ஊரே தலைதெறிக்க ஓடியது என்றார். அதையும் சொன்னேன். டீச்சரே புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். என் பேச்சுக்கு இப்படி ஒரு வரவேற்பு அதுவரை கிடைத்ததில்லை, எனக்குத் தலைகால் புரியவில்லை.

சின்ன தாத்தா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "என் தங்கச்சிக்கு அப்போ ஆறு வயசு" என்று ஆரம்பித்தார். பின் பெஞ்சில் ஒருவன் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தான். நான் அடுத்த சிரிப்புக்குத் தயாராக, பல்லெல்லாம் தெரிய அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவனைப் பார்த்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, வழியில் ஒரு குரங்கு அவருடைய அப்பாவின் வேட்டியை உருவிக்கொண்டு மரமேறிய கதையைச் சொன்னார். கூரை பறக்கிற மாதிரி கைதட்டினார்கள்.

வெளியே வரும்போது வாசலில் இருந்த வாட்ச்மேன் ஹூப்ளிக்காரர் என்று தெரிந்ததும் சின்ன தாத்தா நின்றுவிட்டார். தாத்தா முப்பது வருஷம் ஹூப்ளி ரோட்டில் லாரி ஓட்டியவராம். இரண்டு பேரும் சுத்தமான ஹூப்ளிக் கன்னடத்தில் பேசித் தீர்த்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பெருமையடிக்கும் அவசரத்தில் நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் புரிந்திருக்கிறது. ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். திருத்தியிருந்தால் வகுப்பு என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும். இதெல்லாம் எனக்கு உறைத்தபோது நான் வேலைக்கே போய்விட்டேன், அவரும் இல்லை. கடைசிவரை அவர் தங்கையின் கதையை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் அப்பா வாசலிலேயே காத்திருந்தார். "தங்கச்சியப் பத்தி சொன்னீங்களா சித்தப்பா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்க சொன்னேன்பா, அதுக்குள்ள பெல் அடிச்சிட்டாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. பெல் அடிக்கவேயில்லை, இன்னும் பத்து நிமிஷம் மிச்சம் இருந்தது, நான்தான் கடிகாரத்தைப் பார்த்தேனே என்று குறுக்கே பாய்ந்தேன்.

"அப்படியா பாப்பா?" என்று என் தலையைத் தடவினார். "எனக்கு அடிச்ச மாதிரி இருந்துச்சு."

பாவம், வயதாகிவிட்டது, காது சரியில்லை என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.