பெயர் தெரியாத கோப்பு

என் தங்கை, கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்து சில மாதங்கள் கழித்துத்தான் அவளுடைய மடிக்கணினி எங்களிடம் வந்து சேர்ந்தது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேசி, பிரிந்தே இருக்கட்டும் என்று முடிவான பிறகு, துணிமணி, பாத்திர பண்டங்களோடு அதையும் ஒரு சாக்கில் போட்டு அனுப்பியிருந்தார்கள். தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் நடத்தும் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வாசலில் வேன் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போனது. பாத்திரங்களை அவள் பிரித்தும் பார்க்கவில்லை. மடிக்கணினியை மட்டும் எடுத்துத் துடைத்து என் மேஜை ஓரத்தில் வைத்தாள். திறக்கவில்லை.

அவள் கணவன் அவளை அடித்ததில்லை. ஆனால் அவள் யாருக்கு மெயில் எழுதினாள், எந்த வேலைக்கு விண்ணப்பித்தாள் என்பதெல்லாம் அவள் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்துவிடும். சாப்பாட்டுக்கு உட்காரும்போது, தண்ணீர் கேட்பதைப் போலக் கேட்பான்: "அந்த காலேஜு பிரண்டுக்கு இன்னா அவ்ளோ நீளமா எழுதியிருக்க?" உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் சிரிப்பான். இன்னொரு நாள் கேட்டால், நீ சும்மா எதையாவது கற்பனை பண்ணிக்கொள்கிறாய் என்பான். இதை வெளியே சொன்னபோது எங்கள் உறவிலேயே பாதிப்பேர் இதெல்லாம் ஒரு குறையா என்றார்கள். கடைசியில் அவளுக்கே தன் புத்தி மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கல்வராயன் மலையில் ஒரு விடுதிப் பள்ளியில் கணக்கு டீச்சராகத் தற்காலிக வேலை கிடைத்ததும் மடிக்கணினியைத் திறந்தே ஆக வேண்டியதாயிற்று. கல்லூரியிலிருந்து அவள் சேர்த்து வைத்த பாடக்குறிப்புகள் எல்லாம் அதில்தான் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். அவள் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கேமரா மேல் ஒட்டினாள். பிறகுதான் பட்டனை அழுத்தினாள்.

திரை வந்ததும் கறுப்பாக ஒரு சின்னக் கட்டம் மின்னி மறைந்தது.

"பாத்தியாக்கா? அதான். உள்ள எதையோ போட்டு வச்சி என்னை இன்னும் பாத்துக்கினு இருக்காரு."

கணினியைத் திறந்ததும் தானாக ஓடத் தொடங்கும் நிரல்களின் பட்டியலை எடுத்தேன். தெரிந்த பெயர்களுக்கு நடுவே ஒன்று, எழுத்துகளை வாரி இறைத்ததுபோல அர்த்தமில்லாமல் இருந்தது. தயாரித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கடை வேலைக்கு வேண்டிய அளவுதான். கள்ளக்குறிச்சியில் எங்கள் கடைக் கணினிகளைப் பழுது பார்ப்பவருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். "பார்மட் அடிச்சிட்டா க்ளீனாயிடும்மா, கொண்டாங்க" என்றார். மரவள்ளி வயலிலிருந்து அப்போதுதான் வந்து நின்ற அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். "அப்டியே பண்ணுங்க. சனியன் ஒழியட்டும்."

தங்கை மறுத்துத் தலையாட்டினாள். "அழிச்சா போயிடும்பா. ஆனா இருந்துச்சா இல்லியான்னு எனக்குத் தெரியவே தெரியாது. நான் பைத்தியமா இல்லியான்னு நான் பாக்கணும்."

அப்பா ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கோப்பைத் திறக்கக் கூடாது, அவசரப்பட்டு அழிக்கவும் கூடாது என்று மட்டும் எனக்குத் தெரியும். பட்டியலில் இருந்தபடியே, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தோம். வழக்கமாக நிரல்கள் இருக்கும் இடத்தில் இல்லை. அவள் பெயரிலிருந்த கோப்புறைக்குள் எங்கோ உள்ளடங்கிக் கிடந்தது. தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பமும் இல்லை. பக்கத்திலிருந்த வேறொரு புதுப் பெயரையும் சோதித்தோம். அதற்குக் கையொப்பம் இருந்தது; விரலால் தடவும் டச்பேட் பலகைக்கான நிரல்தான் அது. ஒன்று தெளிந்ததில் அவள் நாற்காலி கொஞ்சம் முன்னால் வந்தது.

பல வைரஸ் தடுப்பு நிரல்களைக் கொண்டு ஒரே கோப்பைச் சோதித்துச் சொல்லும் இணையதளம் ஒன்று உண்டு. அதில் போட்டுப் பார்க்க நெட் வேண்டும். நெட்டைக் கொடுத்தால் அவன் பார்ப்பானோ என்று அவளுக்குப் பயம். என் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, "பாக்கட்டும். நானும்தான் பாக்கறேன்" என்று அவளே ஹாட்ஸ்பாட்டை இயக்கினாள்.

முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. பெரும்பாலானவை ஒன்றுமில்லை என்றன. சில சிவப்பில் காட்டின. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சிவப்பில் இருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தோம். விளம்பரம் காட்டும் தேவையற்ற மென்பொருள் என்றே எல்லாம் சொல்லின. உளவு பார்க்கும் நிரல் என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. கோப்பு உருவான தேதியைப் பார்த்தால், அது அவள் கல்யாணத்துக்கு முந்தியது. அதே நாளில், பிடிஎஃப் கோப்பை மாற்றுவதற்கு இலவசமாகக் கிடைத்த ஒரு நிரலை அவளே இறக்கியிருந்தாள். அதன் முதுகில் ஏறி இதுவும் வந்திருக்கிறது.

அப்பாவுக்கு நிம்மதி. "அப்போ அந்த ஆளு ஒண்ணும் பண்ணல."

தங்கை முகம் வாடிப்போனது. "அப்போ எனக்குத்தான் புத்தி சரியில்லியா?"

அவன் கேட்ட கேள்விகளை மறுபடி சொல்லச் சொன்னேன். யோசித்தால் எல்லாமே மெயிலில் இருந்தவை. மெயில் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தேன். எந்தெந்தக் கருவிகளில் அந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்று அங்கே பார்க்கலாம். இந்த மடிக்கணினி, அவள் போன். அதற்குக் கீழே இன்னொரு போன்.

"அவரோட போனு" என்றாள். கல்யாணமான புதிதில் ஒரு சான்றிதழை அனுப்ப அவன் போனில் தன் மெயிலைத் திறந்திருக்கிறாள். கணக்கிலிருந்து வெளியேறிவிட்டேன் என்று அவனே சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான் விஷயம். நிரலும் இல்லை, மாயமும் இல்லை. அத்தனை நாளும் அவன் வெறுமனே அவள் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தான்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். "நான் சொன்னது நெசம்" என்றாள், மெதுவாக. பிறகு அப்பாவைப் பார்த்து இன்னொரு தடவை, சத்தமாக. அப்பா எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். "நெசம்தாம்மா. நான்தான் புரிஞ்சிக்கல."

அந்தப் போனை வெளியேற்றும் பொத்தானை அவளே அழுத்தினாள். கடவுச்சொல்லை மாற்றும்போது எங்களைத் திரும்பி உட்காரச் சொன்னாள். நானும் அப்பாவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு சிரித்தோம். அப்புறம் அந்த இலவச நிரலையும் அதோடு வந்ததையும் நீக்கி, கணினி முழுவதையும் ஒருமுறை சோதித்தோம். மறுபடி அணைத்துத் திறந்தபோது கறுப்புக் கட்டம் வரவில்லை.

அடுத்த வாரம் அவளோடு நானும் மலைக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் பஸ் ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. மடிக்கணினிப் பையை அவள் மடியிலேயே வைத்திருந்தாள். பள்ளியில் அவளுக்குக் கொடுத்த அறையில் ஜன்னலோரமாக ஒரு மேஜை இருந்தது. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அங்கே உட்கார்ந்து, காலேஜ் தோழிக்கு மெயில் எழுத ஆரம்பித்துவிட்டாள். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. அவள் விட்டபாடில்லை.

நான் அவள் துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டே, "முடிஞ்சுதாடி?" என்றேன்.

"இல்லக்கா, இன்னும் நெறைய இருக்கு" என்றாள், தலையை நிமிர்த்தாமலே. "நீ கெளம்பு, பஸ்ஸு போயிடும்."