எடைக்குப் போட்ட கேடயம்

கணக்கு டீச்சர் தனக்குக் கிடைத்த நல்லாசிரியர் கேடயத்தைப் பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார் என்று ஊரே பேசிக்கொண்டது.

தையல் கடையில் அந்தச் செய்தி ஒரு விதமாகவும் மருந்துக் கடையில் வேறு விதமாகவும் ஓடியது. வந்த காசில் செருப்பு வாங்கினார் என்றார்கள் சிலர். இல்லை, பேரம் படியாமல் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றார் என்றார்கள் வேறு சிலர். முடிவெட்டும் கடைக்கு வந்து சேர்வதற்குள் கேடயம் வெள்ளியாகிவிட்டது. அடுத்த தெருவைத் தாண்டும்போது தங்க முலாமும் ஏறியிருந்தது. ஒருத்தரும் மறுக்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து அனுப்பிவைத்தார்கள்.

உள்ளபடி நடந்தது வேறு. அதில் வெள்ளியும் இல்லை, தங்கமும் இல்லை. கடைசியில் ஒரு மாடு மட்டும் வருகிறது. அதுவரை பொறுமையாகக் கேட்க வேண்டும்.

டீச்சர் அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுப்பவர். வேலையில் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். பன்னிரண்டு வருஷமும் தற்காலிகம். தற்காலிகம் என்றால் நிரந்தர ஆசிரியர் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு சம்பளம். கோடை விடுமுறைக்கு அதுவும் கிடையாது. கோடையில் வாத்தியாருக்குப் பசிக்காது என்று எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தானோ, அவனுக்கு மட்டும் மாசம் தவறாமல் முழுச் சம்பளம் போயிருக்கும்.

பாடம் நடத்தும்போது அரசாங்கத்துக்கு அவர் ஞாபகம் வந்ததே இல்லை. எதையாவது எண்ண வேண்டியிருந்தால் உடனே வந்துவிடும். வீடுகளை எண்ணு, கக்கூஸ்களை எண்ணு, பழுதான குழாய்களை எண்ணு. போன வருஷம் தெருநாய். வெயிலில் நாலு நாள் அலைந்து முந்நூற்றுப் பன்னிரண்டு நாய்களை எண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று பிரிக்கவில்லையே என்று தாளைத் திருப்பி அனுப்பினார்கள்.

"நீங்களே வந்து வாலைத் தூக்கிப் பாத்துக்கங்க சார்" என்று டீச்சர் ஆபீசில் போய்ச் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அது மட்டும் வதந்தி இல்லை.

இப்படிப்பட்ட தற்காலிகங்கள் அந்த வட்டாரத்தில் நாற்பத்தொரு பேர். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் கொடுங்கள் என்று எல்லாரும் சேர்ந்து ஒரு மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து யார் போடுவது என்று வந்தபோது நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் பேனா காணாமல் போயிற்று. டீச்சரிடம் விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனா இருந்தது. அதாலேயே போட்டார். பெரிய தைரியம் என்றெல்லாம் இல்லை. அவருக்கு ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

கல்வி ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. மனுவில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டாலும் முதல் ஆள்தான் மனுதாரர். அவர் 'குறை ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் கையெழுத்தெல்லாம் சும்மா கோலம் மாதிரி. மனுவைக் கட்டிப் பரணில் போட்டுவிடலாம். எட்டு மாசம் அது அதிகாரி மேசையில் நிம்மதியாகத் தூங்கியது. விசாரணைக்குக் கூப்பிட வேண்டிய கெடு நெருங்கியதும் அதிகாரிக்குத் திடீரென்று டீச்சரின் அருமை தெரிந்துவிட்டது. நல்லாசிரியர் விருது அறிவித்தார்.

செய்தியைக் கொண்டுவந்தவர் தலைமையாசிரியர். அவர் நிரந்தரம். முழுச் சம்பளம். சாக்பீஸைத் தொட்டு ஆறு வருஷம் இருக்கும். தொட்டால் தும்மல் வருமாம்.

"டீச்சர், உங்களுக்கு யோகம் அடிச்சிருச்சு. வெள்ளிக்கிழமை விழா. அதிகாரி கையால கேடயம்!"

"கேடயம் மட்டுமா சார்?"

"பூச்செண்டும் உண்டு."

"சம்பளம்?"

தலைமையாசிரியர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கேடயம் குடுக்கும்போது ஒரு படிவம் நீட்டுவாங்க. கண்ணை மூடிக்கிட்டு ஒரு கையெழுத்து. அப்புறம் உங்க ஒருத்தருக்கு மட்டும் நிரந்தர ஆர்டர் வந்துரும். அதிகாரியே என்கிட்ட வாய்விட்டுச் சொன்னாரு."

"மீதி நாப்பது பேருக்கு?"

"அவங்களுக்கு நீங்க அம்மாவா, அக்காவா? முதல்ல உங்க வீட்டு அடுப்பு எரியுதான்னு பாருங்க."

"கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுப் பழக்கம் இல்லையே சார்."

"அதான் பன்னெண்டு வருஷமா இப்படியே இருக்கீங்க."

சாயங்காலம் வீட்டில் டீச்சர் இதைச் சொன்னார். வீடு என்றால் ஒன்றரை அறை. அரை அறைதான் சமையல். வீட்டுக்காரர் பார்சல் கிடங்கில் மூட்டை இறக்குபவர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்.

"போட்டுரு. அந்த நாப்பது பேர்ல எவனாச்சும் நம்ம வாடகையைக் கட்டுனானா?"

"கட்டலை."

"இதே வாய்ப்பு அவனுக்கு வந்தா வேணாம்பானா?"

"பேனா கேட்டுக்கூட நிக்க மாட்டான். கட்டைவிரலை உருட்டிட்டு ஓடிருவான்."

"அப்புறம் என்ன யோசனை?"

டீச்சர் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். நிரந்தரச் சம்பளம் வந்தால் இரண்டு அறை வீடு. இவரை மூட்டையிலிருந்து எழுப்பி உட்கார வைக்கலாம். இடுப்பை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டலாம். எப்படிக் கூட்டினாலும் விடை ஒன்றாகத்தான் வந்தது. கையெழுத்துப் போடு. தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்பதுதான் அவருக்கு எரிச்சல். போடுவது என்று முடிவு செய்துதான் படுத்தார்.

வெள்ளிக்கிழமை விருது வாங்குகிற ஐந்து பேரையும் காலை எட்டு மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். மரியாதை செய்ய என்று நினைத்துப் போனார்கள். வாசலில் லாரி நின்றது. இருநூறு நாற்காலிகளை இறக்கி வரிசையாகப் போட்டவர்கள் அந்த ஐந்து நல்லாசிரியர்கள்தான். போட்டு முடித்து உட்காரப் போனால், "அது விருந்தாளிங்களுக்கு, நீங்க ஓரமா நில்லுங்க" என்றார் ப்யூன்.

அதிகாரி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். வந்ததும் பேசினார். "ஆசிரியர் ஒரு மெழுகுவர்த்தி! தன்னை உருக்கிக்கொண்டு ஊருக்கு வெளிச்சம் தருகிறவர்!" கைதட்டல். மெழுகுவர்த்தியைக்கூடக் கடையில் முழு விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

டீச்சர் முறை வந்தது. அதிகாரி ஒரு கையால் கேடயத்தையும் மறு கையால் படிவத்தையும் நீட்டினார். முன்னால் போன நாலு பேரும் கிளார்க்கின் முதுகில் வைத்துப் படிக்காமலே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். டீச்சர் பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். முதல் வரி, கேடயம் பெற்றுக்கொண்டேன். இரண்டாம் வரி, பெருமைப்படுகிறேன். மூன்றாம் வரி பொடி எழுத்தில் இருந்தது: பணி தொடர்பாக எனக்குக் குறை எதுவும் இல்லை, முன்பு கொடுத்த மனு எதையும் நான் வலியுறுத்தவில்லை.

"என்னம்மா, பரீட்சைப் பேப்பரா திருத்தறீங்க?" என்றார் அதிகாரி, கேமராவுக்குச் சிரித்தபடியே.

"பழக்கம் சார். ஒரு நிமிஷம்."

போடத்தான் வந்திருந்தார். பேனாகூடக் கைக்கு வந்துவிட்டது. அதிகாரி மட்டும் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால், இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"போடும்மா, போடு. உங்களை மேடையேத்துனதே பெரிசு. இதுல படிச்சு வேற பாக்கணுமா?"

டீச்சர் ஒரு நொடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்பதோடு ஒன்பதைக் கூட்டி இருபது என்று எழுதிய பையனைப் பார்ப்பதுபோல. பிறகு மூன்றாம் வரியைச் சிவப்பு மையால் நேர்கோடு போட்டு அடித்தார். ஓரத்தில் 'அடித்தல் ஒரு வரி' என்று எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார். கீழே பெரிய கையெழுத்து.

வருகைப் பதிவேட்டில் ஒரு எழுத்தை அடித்தாலும் இப்படித்தான் எழுத வேண்டும் என்று அதே ஆபீஸ்தான் உத்தரவு போட்டிருந்தது. ஒருமுறை மறந்ததற்கு டீச்சருக்கு ஒரு நாள் சம்பளத்தையே பிடித்தார்கள். காசு கொடுத்துக் கற்ற பாடம் மறக்குமா?

கிளார்க் ஐந்து படிவங்களையும் அடுக்கி நீட்டினார். அதிகாரி ஐந்திலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டார், சீல் குத்தினார். ஒரு தற்காலிக வாத்தியாரம்மா எழுதியதை ஒரு அதிகாரி எதற்காகப் படிக்க வேண்டும்? படிக்கவில்லை. கண் கேமராவிலேயே இருந்தது.

படிவம் மேல் ஆபீசுக்குப் போனது. அங்கே உட்கார்ந்திருந்த ஒருத்தர், ஆச்சரியம்தான், அதைப் படித்துவிட்டார். மனுதாரர் மனுவை விடவில்லை என்கிறார், நீங்களே ஒப்புக்கொண்டு சீலும் குத்தியிருக்கிறீர்கள், பிறகு ஏன் விசாரணை நடத்தவில்லை என்று கேட்டு ஓலை வந்தது. விசாரணை நடந்தது. நாலு மாசம் கழித்து ஆர்டர் வந்தது. நாற்பத்தொரு பேருக்கும் அந்த மாசத்திலிருந்து முழுச் சம்பளம். கழிந்த பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு பைசா கிடையாது. அதற்குத்தான் கேடயம் கொடுத்துவிட்டார்களே.

நாற்பது பேரில் முப்பது பேர், "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார்கள். மீதிப் பத்துப் பேர் அதுகூடச் சொல்லவில்லை.

முதல் முழுச் சம்பளம் வந்த அன்று வீட்டுக்காரர் சந்தோஷத்தில் ஈரத்துணியால் கேடயத்தைத் துடைத்தார். 'நல்லாசிரியர்' என்ற ஒட்டுத்தாள் அப்படியே கையோடு உரிந்து வந்தது. அடியில் பழைய எழுத்து இருந்தது: 'சிறந்த கறவை மாடு. ஆறுதல் பரிசு.' எந்தக் கண்காட்சியிலோ மிஞ்சியது.

வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஏம்மா, நீ ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?"

"முதல் பரிசுகூட இல்ல பாருங்க. அதுலயும் ஆறுதல்" என்றார் டீச்சர்.

மறுநாள் பழைய விடைத்தாள் கட்டுகளைச் சாமான் கடைக்குத் தூக்கிப் போனபோது கேடயத்தையும் மேலே வைத்துக் கட்டினார். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் ஸ்கூட்டரில் அந்த வழியாக வந்தார். கேடயம் தராசில் ஏறியதைப் பார்த்தார். இறங்கியதைப் பார்க்க அவர் நிற்கவில்லை. ஊருக்குச் சொல்லும் அவசரம். ஆறு வருஷத்தில் அவர் அவ்வளவு சுறுசுறுப்பாக ஒரு வேலையும் செய்ததில்லை.

திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டம். தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பெயர் சொல்ல விரும்பலை. அரசாங்கம் குடுத்த மரியாதையை எடைக்குப் போட்டுக் காசாக்குனவங்க இங்க நம்ம நடுவுல உக்காந்திருக்காங்க."

எல்லாத் தலையும் ஒரு பக்கமாகத் திரும்பியது. டீச்சர் திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இடது கையால் பையைத் திறந்து கேடயத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். 'சிறந்த கறவை மாடு' மேலே பார்த்தபடி இருந்தது.

"காசாக்கலை சார். காசாக்கத்தான் போனேன். தராசுல வெச்சான், முள்ளு அசையலை. இரும்பும் இல்ல, பித்தளையும் இல்ல, சும்மா குடுத்தாக்கூட வேணாம், எடுத்துட்டுப் போங்கன்னுட்டான்."