முதுகு காட்டாத பூதம்

காப்பிக் கோப்பையோடு ஆர்வில் ஸ்டக்கி சமையலறையிலிருந்து பின்பக்கமாகவே நடந்து வெளியேறினான். பார்வை மனைவி வெல்டாவின் மேல் இருந்தது. குதிகால் வாசற்படியைத் துழாவியது. அந்த மாதத்தில் மட்டும் மூன்று கோப்பைகள் இப்படி உடைந்துபோயிருந்தன. எல்லாரையும் போலத் திரும்பி நடந்து தொலைக்கக் கூடாதா என்று வெல்டா கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"பழக்கம் விட்டுப்போயிடும், வெல்டா. பூதத்துக்கு முதுகே கிடையாது."

பூத உடையின் முதுகில் ஜிப் இருக்கிறது, அதுதான் விஷயம். லப்பக் நகரத்தில் ஆறே நாளில் ஒரு படத்தை எடுத்து முடிக்கும் சின்னக் கம்பெனிக்கு ஆர்வில்தான் பூதம். அணுகுண்டுப் புகை பட்டு மலையளவு வளர்ந்த வெட்டுக்கிளி, நத்தை, கெளுத்தி மீன் என்று ஒன்பது வருஷத்தில் என்னவெல்லாமோ ஆகிவிட்டான். தோலை ஒட்டுவதும் அவனே, அதற்குள் புகுந்து அட்டைப்பெட்டி ஊர்களை மிதிப்பதும் அவனே. எந்தக் காட்சியிலிருந்தும் பின்பக்கமாகத்தான் வெளியேறுவான்.

இந்த வருஷம் கொம்புப் பல்லி. அது வெல்டாவின் குளியலறை ரப்பர் விரிப்பையும் வாக்குவம் கிளீனர் குழாயையும் விழுங்கியிருந்தது. பிஸ்கட்டுக்கு மாவு சலிக்கப் போனபோதுதான் சல்லடைகள் இரண்டும் பல்லிக்குக் கண்ணாகிவிட்டது தெரிந்தது. தன் அண்ணன் ராய்ஸின் சோபாக் கடைக்கு உறை தைத்துக் கொடுக்கிறவள் வெல்டா; ஊரிலேயே அவள் தையலுக்குத்தான் பெயர். ஆனால் இந்தப் பிசாசுகளுக்கு ஊசியைத் தொட மாட்டேன் என்று முதல் படத்திலேயே சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் வெயிலில் ஆர்வில் கொல்லையில் குப்புறப் படுத்து, எறும்பு தின்னும் நிஜப் பல்லியை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான். சாப்பாட்டு மேஜையில் கண் அசையாமல் தலையை மட்டும் திருப்புவான். "பல்லி அவசரப்படாது. சும்மா நிக்கும். பயமே அதுலதான் இருக்கு," என்பான். வெல்டாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ராய்ஸின் கடையில் அவனுக்கு விற்பனையாள் வேலை காத்திருந்தது. கடைசியில் ஆர்விலே ஒரு வாக்குக் கொடுத்தான்: இந்தப் பல்லியைப் பார்த்து ஜனங்கள் சிரித்தால், திங்கட்கிழமை முதல் சோபா விற்கப் போவான். அதன் பிறகு பூதம் இல்லை.

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும், காரில் இருந்தபடியே படம் பார்க்கிற டிரைவ்-இன் திடலில் காரை நிறுத்தி, ஜன்னலில் ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்தத் திடலில் பயந்தால் சத்தம் இருக்காது. கேலி என்றால் ஒவ்வொரு காரும் ஹாரன் அடிக்கும். ஒரு மணி நேரம் ஒரு ஹாரன்கூடக் கேட்கவில்லை. திரையில் பல்லி சும்மா நின்றது. பக்கத்து லாரியில் இருந்த பருத்திக் காட்டுக்காரர் மெல்லக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். வெல்டாவே கையிலிருந்த சோளப்பொரியை மறந்துவிட்டாள். அதில் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல்.

கடைசியில் ஊரின் மரத் தண்ணீர்க் கோபுரம் எரிகிற காட்சி வந்தது. படமெடுத்த அன்று புகையில் கண் தெரியாமல் ஆர்வில் திரும்பிவிட்டிருக்கிறான். மறுபடி எடுக்க நேரமில்லாததால் யாரும் அதை அவனிடம் சொல்லவுமில்லை. இரண்டு மாடி உயரத்துக்குப் பல்லியின் முதுகு, கழுத்திலிருந்து வால் வரை பளபளவென்று ஜிப். ஒரு ஹாரன் கேட்டது. பிறகு ஹாரன்களில் திடலே அலறியது. ஆர்வில் ஒலிபெருக்கியைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டினான்.

கேட்டது கிடைத்துவிட்டது, வெல்டா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீடு திரும்பும் வழியெல்லாம் கோபம்தான் வந்தது.

"ஜிப்ப அக்குள்ல வச்சிருந்தா செதிலுக்குள்ள மறைஞ்சிருக்கும்ல? தையல் தெரிஞ்சவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீதான் ஊசியத் தொட மாட்டேன்னியே," என்றான் ஆர்வில். அவன் குரலில் குறை இல்லை.

திங்கட்கிழமை காலை டை கட்டிக்கொண்டு காப்பியைக் குடித்தான். கோப்பையைப் பாத்திரத் தொட்டியில் வைத்தான். எல்லாரையும் போலத் திரும்பி, வாசல் வழியாக நடந்து போனான். சட்டையின் பின்பக்கம் பாதி வெளியே தொங்கியது. ஒன்பது வருஷமாக அவள் கேட்ட காட்சி அது. பார்க்கச் சகிக்கவில்லை.

கார் ஷெட்டிலிருந்து பல்லியைத் தரதரவென்று இழுத்து வந்து சமையலறை மேஜையில் போட்டாள். கழுத்திலிருந்து வால் வரை ஜிப்பைப் பிரித்தெடுத்தாள். பிறகு அதன் வலது கையைத் தூக்கிப் பிடித்து, அக்குளில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டு, ஊசியில் நூலைக் கோத்தாள்.