நைனா பக்கம்

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டாயிரத்தைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. திருத்தணியில் என் வீட்டில் தங்கி, சென்னைக்கு ரயிலில் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டாள். அறுவைச் சிகிச்சை முடிந்து, மருந்து ஏற்றி, தலைமுடி கொட்டிப்போன பிறகு ஒரு பெண் டாக்டர் வெள்ளைத்தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கேட்டார்: "குடும்பத்துல வேற யாருக்காவது இது இருந்துச்சா?"

"அம்மா பக்கம் யாருக்கும் இல்லீங்க" என்றேன்.

"அப்பா பக்கம்?"

அதை அதுவரை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. வெளியே பெஞ்சில் இருந்த நைனாவைக் கூப்பிட்டேன். திருவாலங்காட்டில் கரும்பு போடுகிறவர், டாக்டர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"எங்க அக்காங்க ரெண்டு பேரும் மார்ல புண்ணு வந்துதான் போனாங்க. வெளியே சொல்ல வெக்கப்பட்டுகினு இருந்துட்டாங்க."

தொண்ணூறுகளில் சின்ன அத்தை இறந்தபோது காய்ச்சல் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

இது ரத்தவழியில் வரலாம், ஆணுக்கு ஒன்றும் ஆகாமலேயே அவர் மூலம் மகளுக்கு வரலாம் என்றார் டாக்டர்.

திரும்பும்போது ரயில் திருவள்ளூரைத் தாண்டியதும் நைனா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாம்மா?"

"இல்ல நைனா."

"பின்ன என்கிட்டருந்து போச்சுன்றாங்களே?"

திருவாலங்காட்டில் இறங்கியவர் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அக்காவின் ரத்தத்தைச் சோதித்ததில் மரபணுவில் கோளாறு இருந்தது. எனக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன். தினமும் குளிக்கும்போது கை தானாக மார்பைத் தடவும். எது கட்டி, எது சதை என்றே தெரியாது.

கடைசியில் டாக்டர் சொன்னார்: "உங்களுக்கு அது வரல."

"அப்போ எனக்குப் புற்றுநோய் வராதுங்களா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. மத்த பெண்களுக்கு எவ்வளவு வாய்ப்போ, அவ்வளவு உங்களுக்கும் இருக்கு."

இல்லை என்கிறார்களா, இருக்கிறது என்கிறார்களா? குழம்பிப்போய் வீட்டுக்கு வந்தேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"உனக்கும் இருக்குதா?"

"இல்லக்கா."

"ஆங், நல்லதுடி" என்று என் கையைப் பிடித்தாள். பிறகு அடுப்படிக்குள் போய்விட்டாள். வெகுநேரம் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அவளோடு ஒரே வயிற்றில் பிறந்தவள் நான். சந்தோஷப்படவும் முடியவில்லை, அழவும் வரவில்லை.

அக்கா பிழைத்துக்கொண்டாள். சில வருடங்கள் கழித்து அவள் மகளுக்கு இருபத்தைந்து ஆனதும், டாக்டர் சொல்லியிருந்தபடி சோதனைக்குக் கூப்பிட்டேன்.

"தெரிஞ்சிக்கினு நான் என்னா பண்ணப்போறேன் சித்தி?" என்றாள்.

தெரிந்தால் வருடாவருடம் பார்த்துக்கொள்ளலாம், முளையிலேயே கண்டுபிடிக்கலாம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள், ஆனால் வரவில்லை. இன்னொரு முறை கூப்பிடுவதா, அவள் போக்கில் விடுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.