கை பொறுக்கிற சூடு

இரண்டாம் உலக யுத்த காலம். கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒரே முற்றத்தைச் சுற்றி நான்கு வீடுகள். அதில் ஒன்று எங்களுடையது. அரிசி கூப்பனுக்கு அளந்துதான் என்று வந்துவிட்டதால் நான் பல வருடமாக இடியப்பம் அவித்து விற்ற தொழிலும் படுத்துவிட்டது. கறிக்கும் வழியில்லை. முற்றத்து மண்ணைக் கொத்திப் பாகல் போடுவதென்று நாலு வீடும் முடிவு செய்தோம்.

விதைக்குத்தான் பெரும்பாடு. பக்கத்து வீட்டுக்காரி நகரத்தின் மறுகோடியில் இருக்கிற பாமன்கடைக்கு மூன்று தரம் நடையாய் நடந்து ஒரு கைப்பிடி விதை கொண்டுவந்தாள்.

"அக்கா, உங்கட கை ராசியான கை. நீங்களே ஊறப்போடுங்கோ. பாகல் விதைக்குத் தோல் கட்டி. கை பொறுக்கிற சூட்டுத் தண்ணியில போட்டு, பிறகு ஈரத்துணியில கட்டி வையுங்கோ. கெதியா முளைக்கும்."

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறவிட்டு, விரலை விட்டுப் பார்த்துத்தான் விதைகளைப் போட்டேன். மறுநாள் துணியில் கட்டி வைத்தேன்.

நாலைந்து நாளில் முளை எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. மற்ற வீட்டுப் பெண்கள்தான் காலையும் மாலையும் வந்து எட்டிப் பார்த்தார்கள். "பொறுங்கோ, முளைக்கும்" என்று எரிந்து விழுந்தேன். உள்ளுக்குள் பயம். மழை தொடங்கிவிட்டது, வேறு விதை கிடைக்கப்போவதில்லை. எட்டாம் நாள் துணியை அவிழ்த்தால் நாற்றம். ஒரு விதையை நகத்தால் அழுத்தினேன். கூழாக வந்தது.

"நல்ல விதையை எடுத்து வச்சிட்டு சொத்தையைப் போட்டீங்களோ?" பக்கத்து வீட்டுக்காரி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

என்னைக் கள்ளி என்கிறாளே! "வாரும், செய்த மாதிரியே செய்து காட்டுறன்" என்று அடுப்பை மூட்டினேன். தண்ணீரை இறக்கி, அன்று போலவே ஆறவிட்டு, விரல்களை விட்டுக் கலக்கினேன். "இந்தச் சூடுதான். நீரும் பாரும்."

அவள் விரலை விட்டாள். "ஐயோ மாதாவே!" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் போனாள். விரல் நுனி சிவந்துவிட்டது.

"அக்கா, உங்களுக்குச் சுடேல்லையா?"

"இல்லை" என்றேன்.

இத்தனை வருடமாக இடியப்பத் தட்டுக்காக ஆவிக்குள் விட்டு விட்டு எடுத்த கை மரத்துப்போயிருக்கிறது. அந்த நிமிடம் வரை எனக்கே அது தெரியாது. நாலு வீட்டு விதையையும் நானே அவித்திருக்கிறேன். அவள் மன்னிப்புக் கேட்டாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரம் என் கைக்குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் விளாவினேன். விரலுக்கு இதமாகத்தான் இருந்தது. குளிப்பாட்டும் போதெல்லாம் வீரிட்டு அழுகிற பிள்ளை அவன். பிடிவாதம் என்று அதட்டியிருக்கிறேன், அடித்தும் இருக்கிறேன்.

விளாவிய கையைப் பார்த்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்கு ஓடினேன்.

"வெட்கத்தை விட்டுக் கேக்கிறன். வந்து இந்தத் தண்ணியைத் தொட்டுப் பாரும்."

அவள் வந்து தொட்டாள். நாலு கோப்பை பச்சைத்தண்ணீர் ஊற்றினாள். அன்று அவன் அழவில்லை.