எட்ட முடியவில்லை என்ற பதில்

கார்த்திகை ஏழாம் தேதி, வியாழக்கிழமை. வழக்கம்போல எட்டரை மணிக்கு மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் எங்கள் அலுவலகத்தைத் திறந்தேன். பேட்டரிகளுக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிவிட்டுத் திரையைப் பார்த்தேன். கொல்லிமலையின் துணை சுகாதார நிலையங்களில் ஆம்புலன்ஸைக் கூப்பிட நாங்கள் வைத்திருந்த வயர்லெஸ் பெட்டிகள் எல்லாமே பச்சை. எங்கள் மேலாளர் பைத்தான் மொழியில் எழுதிய நிரல் ஒவ்வொரு பெட்டிக்கும் 'இருக்கிறாயா' என்று பிங் அனுப்பும். பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு.

மலைமேல் குண்டனி நாட்டு நிலையத்தின் நர்ஸம்மாவை நினைத்தால் இன்றும் அந்தப் பச்சைதான் கண்ணில் நிற்கிறது. முந்தைய வாரம் அவர் பஸ்ஸை விட்டிறங்கி நேராக எங்களிடம் வந்திருந்தார்.

"ஏனுங்க, சோலார்ல சார்ஜே ஏறாம பெட்டி செத்துக் கெடக்குதுங்க. புள்ளத்தாச்சி ஒருத்தி இருக்கறா."

மேலாளர் திரையைத் திருப்பிக் காட்டினார். "பச்சையா இருக்குது பாருங்க. பெட்டி சாகலீங்க, உங்களுக்குத்தான் பட்டன் அமுக்கச் சோம்பல்."

"உங்க பச்சைய வெச்சு ஆம்புலன்ஸ் கூப்புட முடியுங்களா?" என்று கேட்டுவிட்டு நர்ஸம்மா திரும்பிப் போனார்.

நேற்று, புதன்கிழமை, அந்தக் கர்ப்பிணிப் பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு உதிரப்போக்கில் இறந்தாள். பெட்டி பேசவில்லை; ஆளனுப்பி வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்று நர்ஸம்மாவைச் சுகாதாரத் துறை விசாரணைக்குக் கீழே அழைத்தார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடவே இல்லை என்பது குற்றச்சாட்டு. பெண்ணின் கணவன், "நீதான் கொன்னுபோட்ட" என்று ஊர் நடுவில் சொல்லியிருந்தான். மேலாளர் பச்சைத் திரையைப் படமெடுத்துச் சாட்சியாக அனுப்பினார்.

செத்த பெட்டி எப்படிப் பச்சையாகத் தெரியும் என்று பார்க்க, மாலையில் நிரலைப் படித்தேன். மலைமேல் ஒரு பெட்டி நின்றுவிட்டால், நடுவழிக் கோபுரத்தில் செய்திகளைக் கடத்திவிடும் ரவுட்டர் 'அந்த இடத்தை எட்ட முடியவில்லை' என்று நமக்குச் செய்தி அனுப்பும். நிரலோ வந்த செய்தி யாருடையது, என்ன சொல்கிறது என்று பார்க்கவே இல்லை. எது வந்தாலும் பதில் என்று எண்ணிக்கொண்டது. பெட்டி செத்துவிட்டது என்ற சேதியைக் கேட்டுக் கேட்டே அது உயிரோடிருப்பதாகக் காட்டியிருக்கிறது. இரண்டு வரி சேர்த்து ஓட்டினேன். குண்டனி நாடு சிவப்பானது.

விசாரணை அதிகாரிக்கு எழுதி அனுப்பிவிட்டு, பஸ் நிறுத்தத்தில் நின்ற நர்ஸம்மாவிடம் சொன்னேன். அவர் முகத்தில் நிம்மதி ஏதுமில்லை.

"அந்தப் புள்ளையோட புருசன் ஊட்டுக்கு எங்கூட வாரீங்களா? நாஞ் சொன்னா நம்பமாட்டானுங்க."

மறுநாள் காலை அலுவலகத்தைத் திறக்கவில்லை. முதல் பஸ்ஸில் மலையேறி அவன் வீட்டு வாசலில் நின்றோம். நான்தான் பேசினேன். குழந்தையைத் தோளில் போட்டபடி கடைசிவரை கேட்டான்.

"அவ சாகறப்பவும் உங்க திரையில பச்சையாத்தான் இருந்துதுங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

என்னை வாசலிலேயே விட்டுவிட்டு, நர்ஸம்மாவுக்கு மட்டும் அவன் வழிவிட்டான்.