பாதியாகத் திறந்த பிரவுசர்

ஒத்தக்கடையில் சோலை அண்ணன் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு, ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர்கள் அலங்காநல்லூரிலிருந்தே பஸ் ஏறி வருவார்கள். அவர் காளையின் பேரைக் கேட்டுவிட்டுத்தான் ஆளின் பேரைக் கேட்பார். திமில் முழுதாகத் தெரியாத போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பொங்கலுக்கு முன் ஆன்லைன் பதிவு திறக்கும் அந்த ஒரு நாளுக்காகத்தான் வருடம் முழுக்க ஜெராக்ஸ் எடுக்கிறாரோ என்று தோன்றும்.

இந்த மார்கழியில் ஒரு தொல்லை. காலையில் பிரவுசரைத் திறந்தால் திரையின் இடப் பாதியில் ஒடுங்கி நின்றது. இழுத்துப் பெரிதாக்குவார், மறுநாள் மறுபடி பாதி. வேலைக்கு விண்ணப்பம் போட வந்த என்னிடம் கேட்டார்.

“வைரஸா தம்பி?”

“இல்லண்ணே. கடைசியா எந்த அளவுல மூடுனமோ அதே அளவுல திறக்கும். முழுசா விரிச்சு வச்சு மூடுங்க.”

“அப்படித்தான மூடிட்டுப் போறேன்.”

“அப்ப உங்களுக்குப் பின்னாடி யாரோ திறக்குறாங்க.”

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டது. கடையின் இன்னொரு சாவி முகேஷிடம் இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து அண்ணனின் சிநேகிதர், கடையில் கூட்டாளி.

அண்ணன் காளைக்காரர்கள் பட்டியலைத் திறந்தார். நூற்றுச் சொச்சம் பேர், போன் நம்பரோடு. அது சரியாக வலப் பாதியில் வந்து நின்றது. பிரவுசரின் ஹிஸ்டரியில், முந்தின சாயங்காலம் அவர் கிளம்பிய பிறகு வாட்ஸ்அப் மட்டுமே. ஒரு பாதியில் நம்பரைப் பார்த்து மறு பாதியில் செய்தி அனுப்பினால்தான் இப்படி நிற்கும்.

பட்டியலில் இருந்த அலங்காநல்லூர் முத்திருளனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“சோலை, உடம்பு தேவலையாப்பா? கடைய விடுறியாம்ல. முகேஷ் இங்கயே கடை போடுறேன்னான், பேப்பரையெல்லாம் அவன்ட்ட குடுத்துட்டோம். உன்ட்ட கேட்டா சங்கடப்படுவேன்னு யாரும் கேக்கல.”

“நல்லாத்தான்ணே இருக்கேன்” என்றார். போனை வைத்துவிட்டார்.

முகேஷ் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். “மாப்ள, பஜ்ஜி. சூடு ஆறுறதுக்குள்ள தின்னு.”

“எனக்கு என்ன நோவுன்னு சொன்ன?”

முகேஷ் திரையைப் பார்த்தார். இரண்டு பாதிகளும் அருகருகே இருந்தன. பிறகு என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.

“கண்ணு தெரியலைன்னு.”

அண்ணன் போனை எடுத்தார். முகேஷ் நின்றுகொண்டிருக்கும்போதே, பட்டியலின் முதல் பேரிலிருந்து ஒவ்வொருவருக்காகப் போன் போட ஆரம்பித்தார்.